பூந்தமல்லிக்கு ஒரு சர்வரா, இரண்டா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். "பேரிடர் வந்தால் மாறிக்கொள்வதற்கு வேறு இடத்தில் வைக்கிற டேட்டாபேஸையும் கிளஸ்டராகத்தான் வைக்கணுமா மேடம், ஒரே சர்வர் போதாதா?" இதற்கு விற்பனைக்காரர்கள் எல்லோரிடமும் படம் போட்ட பதில் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அயனம்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் படம் கிடையாது. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில். தலைமை லேப் அம்பத்தூரில். பூந்தமல்லியில் அதைவிடச் சிறியதாக இன்னொரு லேப். ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, வானகரம் என்று சுற்றுவட்டாரத்தில் ரத்தம் எடுக்கும் மையங்கள். டேட்டாபேஸ் முழுவதும் என் பொறுப்பு.

வேலை எப்படி நடக்கும் என்பதில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மையத்துக் கவுண்டரில் ஒருவர் பெயரைப் பதிவு செய்ததும் டேட்டாபேஸ் ஒரு எண் கொடுக்கும். அந்த எண் ஸ்டிக்கராக அச்சாகி, ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டப்படும். அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குப் பெயர் இல்லை, எண்தான். லேபில் இருக்கும் மெஷின் எண்ணைப் படித்து, இதற்கு என்ன பரிசோதனை என்று டேட்டாபேஸைக் கேட்டு, முடிவையும் அந்த எண்ணிலேயே எழுதும். எண் மாறினால் ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

அம்பத்தூரில் எங்களிடம் இருந்தது கிளஸ்டர். இரண்டு சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸைச் சுமக்கும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓட்டும். கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. அறைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, பூந்தமல்லியில் ஒரு நகல் வைப்பது என்று முடிவாயிற்று. அம்பத்தூரில் பதிவாவதை எல்லாம் அது சற்றுப் பின்னாலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். இங்கே விழுந்தால் அதை அங்கே எழுப்பலாம். ஸ்டாண்ட்பை என்கிறோமே, அதுதான். அது ஒற்றைச் சர்வரா, அதுவும் கிளஸ்டரா என்பதில்தான் சண்டை தொடங்கியது.

சண்டை எனக்கும் தினகரனுக்கும். சர்வர், நெட்வொர்க் எல்லாம் அவர் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரிலேயே பிளாட் வாங்கிக் குடியேறியவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு ஸ்குரூவைத் திருகினாலும் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர்.

"இங்க ரெண்டு சர்வர் சேர்ந்து இழுக்கிற பாரத்தை அங்க ஒத்தை சர்வர் எப்படி இழுக்கும், மேகலா?" என்றார். "நாம அங்க போற நாளே மோசமான நாளாத்தான் இருக்கும். அன்னைக்குப் பார்த்து அந்த ஒண்ணும் படுத்துட்டா எங்க போவீங்க?"

அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு இருந்த தயக்கத்தை அப்போது என்னால் வார்த்தையில் சொல்லக்கூட முடியவில்லை. நேரில் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று பூந்தமல்லிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் யூசுப். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், டிப்ளமோ முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்தவர். சர்வர், பிரிண்டர், கவுண்டர் கணினி எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். நான் போனபோது ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டரைத் திறந்துவைத்து, உள்ளே சிக்கிய காகிதத்தை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இங்க ரெண்டு சர்வர் வெக்கப் போறீங்களாமே" என்றார் தலையைத் தூக்காமல்.

"இன்னும் முடிவாகலை. உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "வெச்சுட்டு நீங்க எல்லாம் அம்பத்தூர் போயிடுவீங்க. இதுங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நம்பாம முறைச்சிகினு நின்னா நான் யாரைக் கேக்கறது? அன்னிக்கு உங்க ஊட்டாண்டயே தண்ணி நிக்கும். போனும் போவாது. நான் ஒருத்தன் தான் கீறேன்."

"கத்துக்கலாமே யூசுப்."

"கத்துக்க மாட்டேன்னு சொல்லல மேடம். கத்துக்குவேன். ஆனா எப்பவோ ஒரு வாட்டி தொடற வேலை கையில நிக்காது. அன்னிக்குப் பாத்து புக்கைப் பிரிச்சிகினு உக்கார முடியுமா?"

என் தயக்கம் இதுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நாங்கள் எத்தனை சர்வர் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நாளில் அவற்றின் பக்கத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அம்பத்தூருக்குத் திரும்பி தினகரனிடம் சொன்னேன். அவர் சட்டென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. "சரி, ரெண்டையும் செஞ்சு பாத்துருவோம். வாய்ப் பேச்சு எதுக்கு?" என்றார். பழைய சர்வர்களைத் தானே தேடிப்பிடித்துப் பூந்தமல்லிக்கு அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளஸ்டராகவும், அடுத்த ஞாயிறு ஒற்றைச் சர்வராகவும் வைத்து எழுப்பிப் பார்ப்பது. யூசுப் மட்டுமே செய்ய வேண்டும். நானும் தினகரனும் அதே அறையில் இருப்போம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் ஞாயிறு பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இரண்டு சர்வர்களும் ஒன்றுக்கொன்று "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒரு கம்பி உண்டு. அதில் ஏதோ இடறியது. மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டு, மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளின. யூசுப் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து முயன்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தினகரனுக்குப் பதில் தெரியும். அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரை டேட்டாபேஸ் எழவில்லை.

அடுத்த ஞாயிறு ஒற்றைச் சர்வர் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் எழுந்துவிட்டது. யூசுப் முகத்தில் சிரிப்பு. எனக்கும் ஜெயித்துவிட்ட நினைப்பு. அப்போது தினகரன், "இப்ப எல்லா மையத்தையும் இதுல விடுங்க" என்றார். விட்டோம். ஒரு பதிவுக்கு ஸ்டிக்கர் வருவதற்குள் வரிசையில் நிற்பவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் போலிருந்தது.

"எந்திரிச்சிருச்சு. ஆனா மூச்சு வாங்குதே" என்றார் தினகரன்.

இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வெற்றி. இதைத்தான் இயக்குநரிடம் எடுத்துப் போனோம். அவர் ரத்தப் பரிசோதனைத் துறையிலேயே படித்த டாக்டர். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்போம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஒரு சர்வர் எதை எல்லாம் தூக்கும்? எதைக் கீழ இறக்கி வெச்சா தூக்கும்?" என்று கேட்டார்.

அதுவரை அந்தக் கோணத்தில் நாங்கள் யோசிக்கவில்லை. உட்கார்ந்து பிரித்தோம். பதிவு, ஸ்டிக்கர், மெஷினோடு பேசுவது, அன்றைய ரிப்போர்ட் ஆகிய நான்கும் நிற்கக் கூடாது. பழைய ரிப்போர்ட்டைத் தேடுவது, மாதக் கணக்கு, வாடிக்கையாளர்களுக்குப் போகும் விளம்பரச் செய்தி எல்லாம் அந்த நாட்களில் நிற்கும். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன்னுடையதை நிறுத்த முடியாது என்றார். டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் "இது ரெண்டு நாள் நின்னா யாருக்கு உடம்புக்கு ஆபத்து?" என்று மட்டும் கேட்டார். பட்டியல் தானாகச் சுருங்கியது.

கடைசியில் அவர் எடுத்த முடிவு இது: பூந்தமல்லிக்கு ஒற்றைச் சர்வர், ஆனால் நினைவகம் தாராளமாக. யூசுப் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை எழுப்பிப் பழக வேண்டும். மாறலாம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். "மேகலா சொன்னா மாறலாம். என்னைப் பிடிக்க முடியலேன்னா காத்திருக்க வேண்டாம். அப்புறமா சொன்னா போதும்" என்றார்.

வெளியே வந்ததும் தினகரன் சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன். "எனக்கு இன்னும் மனசு ஒப்பலை மேகலா. ஆனா முடிவாயிருச்சு. அது நல்லா நிக்கிறதுக்கு என்ன வேணுமோ நான் செய்யுதேன்." சொன்னபடி செய்தார். பூந்தமல்லி அறைக்கு பேட்டரியும், தரையிலிருந்து உயர்த்திய மேடையும் அவர் போட்டதுதான். கேட்டது கிடைக்காதபோது நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களோடு இருப்பவர்கள் உங்களை எடைபோடுவார்கள்.

அடுத்த வருடம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. டெங்கு வேறு பரவியிருந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், எத்தனை என்று தெரிந்தால்தான் டாக்டர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பதா, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று முடிவு செய்வார்கள். காலை நேரம்தான் எங்களுக்குக் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

அப்படி ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பி, ஏரித் தண்ணீர் ரோட்டில் ஓடுவதைப் பார்த்து அயனம்பாக்கத்திலேயே நின்றிருந்தேன். போன் அடித்தது. தினகரன். அவர் முன்னதாகவே அம்பத்தூர் போய்ச் சேர்ந்திருந்தார்.

"கால்வாய் எதிர்த்துக்கிட்டுத் தண்ணி கட்டடத்துக்குள்ள வந்துட்டு மேகலா. கீழ கரண்ட் ரூம் போச்சு. மொத்தமும் இருட்டு. சர்வர் அறை மேலதான் இருக்கு, ஒண்ணும் ஆகலை. அரை மணி நேரம் குடுங்க. ஜெனரேட்டர்ல இருந்து தனியா வயர் இழுத்துருதேன்."

அரை மணி நேரம் கேட்பவர் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவர் அதை முழுக்க நம்புகிறார். கேட்கிற நமக்கும் நம்ப ஆசையாக இருக்கும். ஏனென்றால் மாறுவதில் ஒரு நஷ்டம் நிச்சயம். அம்பத்தூரில் கடைசி நிமிடங்களில் பதிவானவை பூந்தமல்லிக்கு வந்து சேராமல் போயிருக்கலாம். காத்திருந்தால் அந்த நஷ்டம் இல்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் தினகரனிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"தண்ணி இறங்குதா, ஏறுதா?"

தண்ணீரில் அவர் நடந்து போய்ப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப நாம மாறிடுவோம். நீங்க முதல்ல பத்திரமா மேல போங்க."

யூசுப்பைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன் மேடம்" என்றார். கடைசியாக எந்தப் பதிவு வரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு பதிவான குழாய்களை எல்லாம் தனியே எடுத்து வைக்கும்படியும், பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் பதியும்படியும் ஒவ்வொரு மையத்துக்கும் நானே சொன்னேன். சாலையோரம் குடைக்குள் நின்றுகொண்டு, காதில் போனை அழுத்திக்கொண்டு. அதற்குள் யூசுப் வேலையை முடித்துவிட்டார். பதற்றமில்லாத குரலில், "எழுந்துகிச்சு மேடம். வானகரத்துல மொத ஸ்டிக்கர் வந்துடுச்சாம்" என்றார். இத்தனை மாதம் பழகிய கை.

எப்படியோ ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து, வானகரம் வழியாகப் பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்பத்தூருக்குப் போக வேண்டிய குழாய்கள் எல்லாம் அங்கே வந்து குவிந்துகொண்டிருந்தன. லேபில் இருந்தவர்கள் தட்டணுக் குழாய்களைத் தனியே பிரித்து முதலில் ஓட்டினார்கள். சர்வர் திணறியது. ஆனால் நிற்கவில்லை.

நடுவே திடீரென்று எல்லாம் மந்தமாயிற்று. யூசுப் திரையை உற்றுப் பார்த்தார். "எவனோ பழைய ரிப்போர்ட்டா இழுத்துகினு கீறான்" என்று அந்த இணைப்பைத் துண்டித்தார். மறுபடியும் அதே கணினியிலிருந்து இணைப்பு வந்தது. மறுபடியும் துண்டித்தார். சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. கேட்டவர் முகம் மாறி எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லீங்க டாக்டரம்மா. நீங்கதான்னு தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தாலும் அறுத்துதான் இருப்பேன். அது நிறுத்தற லிஸ்ட்ல கீது."

அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்தது எனக்கே கேட்டது. "சரிப்பா, நான் போட்ட லிஸ்ட்தானே" என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் தினகரனிடமிருந்து போன். காலையிலிருந்து நான் கேட்காத உற்சாகம் அந்தக் குரலில். "வந்துட்டு மேகலா. ஜெனரேட்டர் லைன் இழுத்து ஒரு சர்வரைக் கெளப்பிட்டேன். டேட்டாபேஸ் தானாவே திறந்துருச்சு. ஆவடியில இருந்து பதிவே வர ஆரம்பிச்சாச்சு."

போனைக் காதோடு வைத்தபடியே யூசுப்பின் திரையை எட்டிப் பார்த்தேன்.

என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மையத்துக் கணினிகள் முதலில் அம்பத்தூரைத் தேடும், அது கிடைக்காவிட்டால்தான் பூந்தமல்லிக்கு வரும். அப்படித்தான் வைத்திருந்தோம். ஆவடியில் கரண்ட் போய் வந்து, கணினியைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அது அம்பத்தூரைத் தேடியிருக்கிறது. அம்பத்தூர் பதில் சொல்லிவிட்டது. இப்போது உயிரோடு இரண்டு டேட்டாபேஸ்கள். இரண்டும் தான்தான் நிஜம் என்று நினைத்துக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து ஒரே எண்களைத் தனித்தனியே கொடுத்துக்கொண்டிருந்தன.

"தினகரன், நெட்வொர்க் கேபிளை உருவிடுங்க. இப்பவே."

"என்ன சொல்லுதீங்க? இது கிளஸ்டர்ல ஒண்ணு. பூந்தமல்லியை விட இது..."

"ஆமா. ஆனா ரெண்டு எடமும் ஒரே நம்பரைக் கொடுத்திட்டு இருக்கு."

அவர் விடிந்ததிலிருந்து ஈரத்தில் நின்றவர். சாப்பிட்டிருக்க மாட்டார். கனமான வயரைத் தோளில் போட்டு மாடிப்படி வழியாக இழுத்துக் கொண்டுபோனவர். தன் கையால் உயிர் கொடுத்ததைத் தன் கையாலேயே அணைக்கச் சொல்கிறேன். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். போனில் கேபிளின் பிளாஸ்டிக் கிளிப் விடுபடுகிற சின்னச் சத்தம் கேட்டது.

"உருவிட்டேன்" என்றார். "ஆவடியில எத்தனை போயிருக்கு, பாருங்க."

ஆவடி மையத்தில் இருந்த கலைவாணியைக் கூப்பிட்டேன். அவளிடம் அப்படிப் பதிவான குழாய்கள் இரண்டு இருந்தன. எண்களைப் படிக்கச் சொன்னேன். யூசுப் தன் திரையில் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினார். அதே எண்கள் அங்கேயும் இருந்தன. அவற்றில் ஒன்று பூந்தமல்லியில் ஒரு பெரியவரின் சர்க்கரைப் பரிசோதனை. ஆவடியில் அதே எண், காய்ச்சலோடு வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தட்டணு.

"அந்தக் குழாய் எங்கம்மா இருக்கு இப்ப?"

"இங்கதான் மேடம், ஸ்டாண்ட்லயே கீது. வண்டி இன்னும் வரலை."

"அந்தப் பிள்ளையோட அம்மா?"

"எதிர்லயே உக்காந்துனு கீறாங்க."

அந்த அம்மாவின் கண் முன்னாலேயே கலைவாணி பெயரைக் கேட்டு, பழைய ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, பூந்தமல்லி டேட்டாபேஸில் மறுபடியும் பதிந்து ஒட்டினாள். மற்றக் குழாய்க்கும் அப்படியே செய்தாள். வண்டி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பிள்ளையின் ரத்தம் பெரியவர் பெயரில் போயிருக்கும். சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையின் ரிப்போர்ட் போயிற்று. தட்டணு குறைந்திருந்தது. அன்றே சேர்த்தார்கள். சில நாட்களில் தேறி வீட்டுக்குப் போனதாகக் கலைவாணி பிறகு விசாரித்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு லேப்களுக்கும் எண் வரிசையின் முதல் எழுத்தையே வேறாக்கினோம். சின்ன வேலை. அந்த மதியத்துக்கு முன்னால் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டாண்ட்பை பற்றிப் பேசும்போது எல்லோரும் எப்படி எழுப்புவது என்றுதான் கேட்கிறார்கள். பழையதை எழவிடாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்பதையும் அதே அக்கறையோடு கேளுங்கள். மாறுவது ஒரு முடிவு. அவசரப்பட்டுத் திரும்பாமல் இருப்பது இன்னொரு முடிவு. இரண்டாவதுதான் கஷ்டம். ஏனென்றால் அப்போது உங்களைத் திரும்பக் கூப்பிடுவது நல்ல செய்தி.

தண்ணீர் மறுநாளே வடிந்துவிட்டது. அம்பத்தூர்க் கிளஸ்டர் இரண்டு சர்வர்களோடும் நின்றது. எல்லோரும் எப்போது திரும்புவது என்று நச்சரித்தார்கள். நான் தினகரனைப் பார்த்தேன். மெதுவான அந்த ஒற்றைச் சர்வரை அவரைவிட வெறுத்தவர் கிடையாது.

"அவசரம் இல்லை" என்றார் கூட்டத்தில். "பூந்தமல்லியில இருக்கிறதுதான் இப்ப நிஜம். அதைப் பார்த்து இங்க முழுசாப் புது நகல் எடுத்து, சரிபார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை வருவோம்." அந்த வாரம் முழுவதும் அந்த ஒற்றைச் சர்வர் தாங்கியது. ஞாயிறு மதியம் அமைதியாகத் திரும்பினோம். யாரும் கைதட்டவில்லை. தினகரன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அப்படியானால் ஒற்றைச் சர்வர்தான் சரி என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். கதை அங்கே முடியவில்லை. பூந்தமல்லி லேப் வளர்ந்தது. யூசுப்புக்குத் துணையாக ஷாலினி, கௌதம் என்று இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு அவர் வாராவாரம் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பழக்கினார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் யூசுப் அம்பத்தூருக்கு வந்தார். எனக்கும் தினகரனுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இன்னொரு சர்வர் குடுங்க. கிளஸ்டராவே வெச்சுக்கறோம்" என்றார்.

தினகரன் என்னைப் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"அன்னைக்கு வேண்டாம்னீங்களே யூசுப்" என்றேன்.

"அன்னிக்கு ஒருத்தன் மேடம். இப்ப மூணு பேரு கீறோம். மூணு பேருக்கும் கை பழகிப்போச்சு. கூட்டமும் முன்ன மாதிரி இல்ல, ஒத்தை சர்வருக்கு இனிமே தாங்காது."

அவர் சொன்ன காரணத்திலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாரம் எவ்வளவு, எதை இறக்கி வைக்கலாம், அன்றைக்கு அந்த அறையில் கை பழகியவர்கள் எத்தனை பேர். இவற்றைக் கேட்டுவிட்டு ஒன்றா இரண்டா என்று முடிவு செய்யுங்கள். சில வருடம் கழித்து மறுபடியும் கேளுங்கள். பதில் மாறியிருந்தால் வெட்கப்படாதீர்கள். உங்கள் ஆட்கள் வளர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதிய கிளஸ்டர் வந்த பிறகு ஒரு வேலை நாளில், பூந்தமல்லியே எல்லா மையங்களையும் ஓட்டிக்கொண்டிருந்த ஒத்திகையின்போது, நான் சர்வர் அறையில் இல்லாமல் வெளியே கவுண்டர் பக்கம் போய் நின்றுகொண்டேன். உள்ளே ஷாலினி ஓடுகிற சர்வர் ஒன்றின் பவர் வயரைப் பிடுங்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியாது. அவள் பதிந்துகொண்டே இருந்தாள். பிரிண்டர் ஒரு கணம் யோசிப்பது போல நின்று, ஸ்டிக்கரைத் துப்பியது. அவள் அதைக் குழாயில் ஒட்டி ஸ்டாண்டில் வைத்தாள்.

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒரு அம்மா கவுண்டர் அருகில் வந்து நின்றார்.

"ரிப்போர்ட் எப்ப வரும் கண்ணு?"

"சாயந்தரம் வந்துடும்மா. போய் மொதல்ல எதுனா சாப்டுங்க" என்றாள் அவள்.